ஒன்பது கட்டத் தரையும் அன்னாசித் தோலும்

உ
சிவமயம்

வெள்ளவத்தை,
10.09.2014, புதன்கிழமை.

அன்புள்ள மைத்துனர் குமரப்பன் அவர்களுக்கு,

நான் நலம் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. நலமில்லை என்று எழுதினால் நீங்கள் உடனே கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறிவிடுவீர்கள். ஆகையால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளவும். உங்கள் வீட்டில் எல்லாரும், முக்கியமாக உங்கள் அக்கா விசாலத்தின் மூச்சும், சுகமாக இருக்க முருகன் துணை. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எடுப்பது விசாலமாக இருந்தால் எனக்கு வார்த்தை வருவதில்லை. "சாப்பிட்டாச்சா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். எழுத்தென்றால் வரிசையாகச் சொல்லலாம். வரிசை கீழே:

1. விசாலம் உங்கள் வீட்டுக்கு வந்த காரணம், நான் விளங்கிக்கொண்டபடி.
2. கூடத்துத் தரையை நான் ஒன்பதாகப் பிரித்தது.
3. வீட்டிலேயே செய்த தரை துடைக்கும் நீர்கள், அவற்றின் குணமும் குற்றமும்.
4. அன்னாசித் தோல். (இதை மட்டும் அக்காவிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.)
5. அவளுடைய இருமலுக்குக் காரணம் பினாயில்தான் என்பதற்கு என் நிரூபணம்.
6. ஒரு வேண்டுகோள்.

போன மாதம் நாலாம் திகதி காலை, மயிலம்மா கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். (காலையில் வந்து கூட்டித் துடைத்துச் சமைத்து வைத்துவிட்டுப் போகிறவள், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், எதையும் முகத்துக்கு நேரே சொல்வாள்.) விசாலம் இருமத் தொடங்கி, நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இந்தப் பினாயிலு என்னக் கொன்னுரும்ங்க. தம்பி வீட்டுல போயி ரெண்டு நாளு மூச்சு விட்டுட்டு வர்றேன்" என்றாள். இன்று முப்பத்தேழாம் நாள். நான் குறை சொல்லவில்லை, எண்ணிக்கையை மட்டும் சொல்கிறேன். பினாயில் இல்லாமல் தரையைச் சுத்தமாக வைக்க முடியும் என்று காட்டிவிட்டால் அவள் திரும்பி வருவாள் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கே பினாயில் போத்தலை மயிலம்மாவிடம் கொடுத்து, "கண்ணில் படாத இடத்தில் வை" என்றேன். கொட்டிவிடு என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போது ஒரு சந்தேகம். அது இருக்கட்டும்.

முப்பத்தெட்டு வருஷம் ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் காணி வரைபடம் வரைந்த கை என்பதால், எதையும் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும். கூடத்து மொசைக் தரையில் சோக்கினால் ஒன்பது கட்டம் போட்டு, அ-1 தொடங்கி இ-3 வரை பெயரிட்டு, கட்டத்துக்கொரு துணி, கட்டத்துக்கொரு போத்தல் என்று வைத்தேன். மயிலம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அம்மா இல்லாத வீட்டுல பாண்டி வெளையாடுறீங்களா ஐயா?" என்றாள். இது பரிசோதனை என்றேன். "யாருக்கு? தரைக்கா, எனக்கா?" என்று கேட்டாள்.

செய்முறைகள் எல்லாம் ஒரு ஞாயிறு பத்திரிகையின் மாதர் பகுதியில் வந்தவை. அ-1 இல் எலுமிச்சைச் சாறும் உப்பும். நாலு நாள் கண்ணாடி மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் மினுக்கம் போய்ச் சாம்பல் திட்டாகிவிட்டது. மொசைக்கில் இருப்பது சலவைக்கல் துண்டு, புளிப்பு அதைத் தின்னும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததும், அதற்கு முழுப் புள்ளி வாங்கியதும் ஆறாம் நாள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. அந்தத் திட்டின் மேல் இப்போது நாற்காலி போட்டிருக்கிறேன். யார் வந்தாலும் அதில் நான்தான் உட்காருகிறேன், எழுந்திருப்பதில்லை. அ-2 இல் அரிசி கழுவிய நீர். எறும்புகள் வந்து கட்டத்தின் எல்லையை என்னைவிட நேராகப் போட்டுவிட்டன. ஆ-2 இல் வேப்பிலை அவித்த நீர். மணம் நல்லது, தரை மட்டும் பச்சை. ஆ-1 இல் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்தேன். முகம் பார்க்கலாம், நடக்க முடியாது. மற்ற நாலு கட்டங்களையும் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இ-2! பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிழிந்த நீர். தொடக்கத்தில் சுமாராகத்தான் இருந்தது, நேற்றிலிருந்து அதன் குணமே மாறிவிட்டது. வாளியில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கிறது, எறும்பு இல்லை, ஈ இல்லை, பிசுக்கு ஒரே இழுப்பில் போகிறது. பூந்திக்கொட்டை ஊற ஊறச் சக்தி கூடும்போலும். இதைப் பற்றி யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று அறிய ஆவலாக இருக்கிறேன். அதன் மணத்தை என்னால் குறிக்க முடியவில்லை. காரணம் நாலாவது குறிப்பு. திங்கட்கிழமையிலிருந்து என் மூக்குக்கு அன்னாசியைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை.

அன்னாசித் தோல் மூன்று பங்கு, பனங்கட்டி ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. போத்தலில் அடைத்து இருட்டில் மூன்று மாதம் வைத்தால் தரைக்கு அதைவிடச் சிறந்த மருந்து இல்லை என்று எழுதியிருந்தது. "தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றை வெளியேற்றவும்" என்றும் எழுதியிருந்தது, நான் அதைச் சிவப்பு மையால் கோடிட்டும் வைத்தேன். படுக்கையறை அலுமாரியின் அடித்தட்டுத்தான் வீட்டிலேயே அதிக இருட்டு. என் பழைய வரைபடச் சுருள்களுக்கு நடுவில் போத்தலை நிறுத்தினேன். அது இம்மாதம் முதலாம் திகதி. சுருள்களுக்குப் புதுப் பூச்சியுருண்டை (நாப்தலின்) போடுகிற நாளும் அதுவே, ஆகையால் ஒரே வேலையாக முடிந்தது. மூடி திறப்பதற்கென்று பதிவேடு ஒன்று தைத்தேன். அதில்தான் பிழை நடந்தது. பழைய அலுவலகப் பழக்கத்தில் சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா விடுமுறைகளுக்கு வரி போடவில்லை. வரி இல்லாத நாளில் நான் மூடியைத் திறக்கவில்லை. சனி போயிற்று, ஞாயிறு போயிற்று, திங்கள் போயா.

அன்று பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு அலுமாரிக் கதவு தானாகத் திறந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டதுபோல எனக்குத் தோன்றியது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூடி மின்விசிறியில் பட்டுக் கட்டிலில் விழுந்தது. இரண்டு நிமிஷத்தில் கீழ்வீட்டு இராசரத்தினம் வந்துவிட்டார். இந்த மாடிக் கட்டடத்துக் குழுவின் செயலாளர் அவர்தான்; நல்ல மனிதர், மூக்குத்தான் கொஞ்சம் கூர்மை.

"என்ன ஐயா வெடிச்சது?"

"அன்னாசி" என்றேன்.

"அன்னாசி வெடிக்குமோ?"

"பனங்கட்டி சேர்ந்தால் புளித்து, வாயு உண்டாகி, வெளியேற வழியில்லாமல்..."

"பொறுங்கோ, பொறுங்கோ. பனங்கட்டியும் பழத்தோலும் போட்டுப் புளிக்க வச்சனீங்களோ? போயா நாளில? சாராயக் கடையெல்லாம் பூட்டெண்டாப்போல, வீட்டிலயே கசிப்பு வடிக்கத் தொடங்கீட்டியளோ ஐயா?"

"இது தரைக்கு" என்றேன்.

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை. குடிச்சாப் பிறகு தரைக்குத்தானே போறது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஒரு காலை வைத்தார். வைத்த இடம் ஆ-1. அங்கிருந்து தென்கிழக்காக இ-3 வரை, ஏறத்தாழ ஏழடி, நின்றவாக்கிலேயே போனார். விழவில்லை, புறப்படும்போதே பக்கத்து அ-1 நாற்காலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அதனால் அந்தத் திட்டும் வெளியே தெரிந்துவிட்டது. "இதைக் குழுவில கதைக்க வேணும். சனிக்கிழமை வந்து பாக்கிறன்" என்றார். நானும் தலையாட்டினேன். என்னைப் பற்றி ஒரு குழு கூடிக் கதைப்பது இதுவே முதல் முறை.

சுருள்கள் எல்லாம் நனைந்துவிட்டன. மொட்டை மாடியில் கல் வைத்து விரித்திருக்கிறேன். பூச்சியுருண்டைகளை மயிலம்மா கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டாள். எட்டு நாள்கூட ஆகாத உருண்டைகள்.

இனி ஐந்தாவது. கடந்த இரண்டு வருஷத்து நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். விசாலத்துக்கு இருமல் எப்போதும் மாதத்தின் முதல் வாரத்தில்தான் அதிகம். பிறகு மெல்ல மெல்லக் குறைகிறது. நம் வீட்டில் பினாயில் புதுப் போத்தல் திறப்பது ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? உங்கள் வீட்டிலும் பினாயில் ஊற்றித்தான் துடைக்கிறார்கள், அக்கா ஒருமுறைகூட இருமவில்லை என்று உங்கள் மனைவி சிகப்பி சொன்னாளாம். அது ஒரு கேள்விதான், மறுக்கவில்லை. அது வேறு கம்பெனிச் சரக்காக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆறாவது, வேண்டுகோள். இ-2 நீரைத்தான் இப்போது கூடம் முழுக்க ஊற்றுகிறோம். தரை சுத்தம், பினாயில் இல்லை. வெள்ளிக்கிழமை அவளை ஒருமுறை இங்கே கூட்டிவர முடியுமா? மயிலம்மாவின் ரசம் நன்றாகத்தான் இருக்கிறது. பேப்பரில் நான் ஒன்றை வாசித்துச் சொன்னால் "சரி சரி" என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இப்போதெல்லாம் மனத்துக்குள் வாசித்துக்கொள்கிறேன். அதில் பாதி விளங்குவதில்லை. இவள் வராமலே இருந்துவிட்டால் என்று ஒரு நினைப்பு வருகிறது. அதற்கு எந்தக் கட்டம் போடுவது என்று தெரியவில்லை.

உங்களுக்கும் சிகப்பிக்கும் ஒரு குறையும் வராதிருக்க வேண்டுகிறேன். என் கையெழுத்து ஆடியிருந்தால் அது வயதினால்தான், அன்னாசியினால் அல்ல.

உங்கள் அயித்தான்,
சாத்தப்பன்

பி.கு. (சனிக்கிழமை, 13ஆம் திகதி): தபாலில் போடுமுன் ஒருமுறை பிழை பார்க்கலாம் என்று வைத்திருந்தேன், அதற்குள் நேற்று அவளே வந்துவிட்டாள். உங்களிடம் மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொன்னாளாம். கதவைத் திறந்ததும் என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "வீடு வெடிச்சிருச்சுன்னு மயிலம்மா போன் போட்டா. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" பிறகு கூடத்தைப் பார்த்தாள். "என்னங்க இது, காணியப் பிரிச்சு விக்கப் போறீங்களா?"

இரவு தூங்கினாள். ஓர் இருமல் இல்லை. காலையில் மயிலம்மா கூடத்தைத் துடைத்தாள், அப்போதும் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்தாவது குறிப்பை எடுத்து இருவருக்கும் உரக்க வாசித்தேன். மயிலம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"ஐயா, திட்டாதீங்க. செவ்வாக்கெழமையிலருந்து அந்த வெள்ளத் தண்ணி பினாயிலுதான். அன்னாசி நாத்தத்துக்கு எறும்பு கட்டிலு வரைக்கும் வந்திருச்சு. செயலாளர் ஐயா வேற வந்து பாக்கப் போறேன்னாரு. ஒங்க போத்தல்லயே கலந்துட்டேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். பினாயில் இருக்கிறது, இருமல் இல்லை. அப்படியானால் இந்த வாரம் வீட்டில் இல்லாமல் போனது என்ன? நாட்குறிப்பைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, அலுமாரி, புதுப் பூச்சியுருண்டை. விசாலம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"நாலு வருசமாத் தெரியும்."

"சொல்லியிருக்கலாமே?"

"உருண்டைய எடுக்கச் சொன்னா படத்தப் பூச்சி அரிச்சிரும். படத்த எடுக்கச் சொன்னா ஒங்கள அரிச்சிரும். பினாயிலத் திட்டுனா அது என்ன, திருப்பிப் பேசவா போகுது?"

இரண்டு மணிக்கு இராசரத்தினம் குழுவோடு வந்தார். நான் எழுந்து அவருக்கு நாற்காலியைக் கொடுத்தேன். திட்டை எல்லாரும் பார்த்தார்கள். விசாலம் ஒரு கோப்பை தேநீர் கொடுத்து, "இவரு வடிச்சதில்ல, நான் வடிச்சது" என்றாள். அவர் சிரித்துவிட்டார். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைக்கிறேன்.

சுருள்கள் உலர்ந்துவிட்டன. அவற்றை இனி அலுமாரியில் வைப்பதற்கில்லை. உங்கள் மேல்மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறதாம், அக்கா சொல்கிறாள். நாற்பத்தாறு சுருள்தான். சிகப்பிக்கு மூச்சு சம்பந்தமாக ஒன்றும் இல்லையே என்று முதலில் கேட்டு எழுதவும். கடிதத்தை மையால் எழுதிவிட்டபடியால் அழிக்க முடியவில்லை, மூன்று நாள் உழைப்பைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. ஆகவே அப்படியே அனுப்புகிறேன். ஐந்தாவது குறிப்பு பிழை.