சஹன் நானாவின் தொண்டை

கற்பிட்டிக் கரையில் பிறந்தவர்களில் சஹன் நானாவைப் போல நாட்டைச் சிரிக்க வைத்தவரும் இல்லை. அவரைப் போல விடிந்ததிலிருந்து பயந்துகொண்டே இருந்தவரும் இல்லை.

தொலைக்காட்சி நகைச்சுவை நாடகத்தில் அவருக்கு ஒரே வேடம்தான். அழைக்காத கல்யாணத்துக்குப் போய், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டில் ஏழாவது ஆளாக உட்காருவார். வயிறு நிறைந்ததும் மாப்பிள்ளையை வாழ்த்தி ஒரு பாட்டுப் பாடிவிட்டு நழுவுவார். அந்த வேடத்தில் சொந்தப் பெயரே மறைந்து, எல்லாருக்கும் சஹன் நானா, அதாவது சஹன் அண்ணன், ஆகிவிட்டார்.

உண்மையில் அவர் சாப்பிட்டது பாணும் கஞ்சியும்தான். "புரியாணி நெஞ்சில நிண்டுட்டா பாட்டு எப்பிடித் தம்பி வெளிய வரும்?" என்பார். மெய்யான கல்யாண வீடுகளில் சனம் அவர் முன்னால் இறைச்சியைக் குவித்துவிட்டு வேடிக்கை பார்க்கும். அவர் அதை மெல்ல என் பக்கம் தள்ளுவார். நான் அவருடைய கச்சேரிகளுக்கு ஓகன், அதாவது கீபோர்ட், வாசிப்பவன். என் வயிறு இப்படிப் பெருத்ததற்கு அவர்தான் காரணம்.

எங்கள் ஊர்க் காற்றைத் தேடி வெள்ளைக்காரர்கள் விமானமேறி வந்து, பட்டத்தில் தொங்கிக்கொண்டு களப்பில் பாய்கிறார்கள். நானாவோ அதே காற்றுக்குப் பயந்து காதில் பஞ்சு, கழுத்தில் சால்வை, வாயில் கராம்பு. பஸ் பாலாவி உப்பளத்தைத் தாண்டும்வரை மூச்சையும் அடக்கிக்கொள்வார். உப்பு தொண்டையில் படிந்துவிடுமாம். ஒருநாள் பஸ் அங்கேயே பழுதாகி நின்றுவிட்டது. கொண்டக்டர் தண்ணீர் தெளித்துத்தான் நானாவை எழுப்பினார்.

மாதத்துக்கொரு வருத்தமும் அவருக்கு வரும். அதனால், தொண்டையில் ஏதோ அடைக்கிறது என்று அவர் சொன்னபோது அவருடைய மனைவி, எங்களுக்கெல்லாம் ராத்தா, அகப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"போன மாசம் நெஞ்சு. அதுக்கு முந்தி ஈரல். இந்த மாசம் தொண்டயா?"

நான்தான் அவரைக் கொழும்புக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். சிரிக்கவில்லை. உள்ளே கட்டி ஒன்று இருக்கிறது, வெட்டி எடுத்துச் சோதிக்கவேண்டும் என்றார்.

"பாட்டு... பாடலாமா டொக்டர்?"

"பார்ப்போம்."

புத்தளம் வரும்வரை அந்த ஒரு சொல்லை நானா உருட்டிக்கொண்டே வந்தார். "பாப்போமெண்டா என்ன தம்பி? நல்ல பாப்போமா, கெட்ட பாப்போமா?" எனக்கும் தெரியவில்லை. பாலாவியில் மூச்சை அடக்கக்கூட மறந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

ஒப்பரேசன் முடிந்தது. கட்டியில் கெடுதல் ஒன்றுமில்லை என்று சோதனையும் சொல்லிற்று. ஆனால் சில காலம் வாய் திறக்கக்கூடாது என்றார்கள். நானா இஞ்சி வாங்கக் கடைக்குப் போய்க் கைச்சாடையில் கேட்டார். விரல்களை இஞ்சித்துண்டு போல முடக்கினார், இடித்தார், குடித்துக் காட்டினார். கடைக்காரர் புதுக் காட்சி என்று நினைத்துக் கைதட்ட, தெருவே கூடிச் சிரித்தது. நானா வெறுங்கையோடு திரும்பினார். கண்கள் கலங்கியிருந்தன.

பிறகு டொக்டர் பேசலாம் என்றார். நானா பேசவில்லை.

"கதைக்கச் சொல்லியாச்சி. இந்த மனுசன் வாயத் தொறக்குறாரில்ல தம்பி," என்று ராத்தா அழுதார். தொலைக்காட்சியிலிருந்தும் அழைப்பு வந்தது. அடுத்த படப்பிடிப்புக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போடுவார்களாம். நானா தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு விளங்கிற்று. பேசிப் பார்க்காதவரை குரல் போய்விட்டது என்று யாரும் சொல்லமுடியாது அல்லவா?

ஒரு பின்னேரம் ஓகனை ஏற்றிய வான் வண்டியை அவர் முற்றத்தில் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நிப்பாட்டு! பொக்ஸ்! பொக்ஸ்!"

பிரேக்கை மிதித்தேன். வெயிலில் காயவைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியில் வான் முட்ட இருந்தது. வாசலில் நானா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ராத்தா ஓடி வந்தார்.

"யாருட சத்தம் அது?" என்றார் நானா, துருப்பிடித்த கேற் திறப்பது போன்ற குரலில்.

"ஒங்கட சத்தம்தான்."

"இரிக்கிதா?"

"ஓம், இரிக்கிது."

அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அழுதார். பிறகு, "ஓகன எறக்கு தம்பி," என்றார்.

கல்யாணப் பாட்டைத் தொடங்கினார். மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. முகம் வெளுத்துவிட்டது. நான் வயர் கழன்றுவிட்டது என்று சொல்லிக் குனிந்து, சுருதியை இறக்கினேன். திரும்பப் பாடினார். இந்த முறை ஏறிவிட்டார்.

"பாத்தியா! ஒண்டும் போகல்ல!"

ராத்தா என்னைப் பார்த்தார். நான் ஓகனைப் பார்த்தேன்.

படப்பிடிப்புக்கு அவரே போனார். கரகரத்த குரலுக்குச் சனம் இன்னும் கூடச் சிரிக்கிறது. சுருதி இறங்கியே இருக்கிறது. அவருக்கு இன்றுவரை தெரியாது. பிறகு எந்தத் துணிவில் இதை இங்கே எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நானா வாரப் பத்திரிகை தொடமாட்டார். சின்ன எழுத்து கண்ணைக் கெடுத்துவிடுமாம். அந்த ஒரு பயத்தை மட்டும் அல்லாஹ் அவருக்கு நெடுநாள் வைத்திருக்கட்டும்.