அசல் ஒன்று, நகல் இரண்டு

கலைக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் தேர்வு ஓவியத்தை, அசல் ஒன்று, சான்றொப்பமிட்ட நகல் இரண்டு என்ற முறையில், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர் மேல் குற்றமில்லை. பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் என்று எழுதிக்கொண்டே வந்தவர், கை ஓடிய வேகத்தில் ஓவியத்தையும் சேர்த்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆறடி ஓவியம் ஒன்றை முன்னால் மகளும் பின்னால் அம்மாவும் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். முடிவெட்டும் கடை ஒன்றின் படம். நடுவில் சிவப்பு நாற்காலி, சுற்றிலும் கண்ணாடிகள், கண்ணாடிக்குக் கண்ணாடி அந்தச் சிவப்பு வேறு வேறாக எரிந்தது. அதற்காக மகள் ஏழு மாதம் அந்தக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தாள். "வீட்ல ஒரு நாள் இப்படி உட்கார்ந்து காய் நறுக்கினதில்ல" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது பெருமைதான்.

பெருமைக்குக் காரணம் இருந்தது. மகளைக் கலைக் கல்லூரியில் சேர்க்க அம்மா தனி ஆளாக மல்லுக்கு நின்றிருந்தாள். அப்பா வழக்கம்போல மௌனம். பெரியப்பாவோ, "படம் வரையறதுக்கு எதுக்குக் காலேஜ்? நம்ம வீட்டுச் சுவர்ல இடமில்லையா?" என்று கேட்டவர். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒரே ஒரு தேர்வில் தவறினாலும், மறு வாரமே பெரியப்பாவின் லாரி ஆபீஸில் போன் எடுக்கிற வேலை. அந்த வேலை நான்கு வருடமாக ஆள் போடாமல் காத்திருந்தது.

பிரிவு அலுவலர் ஓவியத்தைப் பார்த்தார். நகலைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது உண்மை நகல் இல்லியேம்மா."

"போட்டோ புடிச்சு ஜெராக்ஸ் எடுத்தது சார். இதே படம்தான்" என்றாள் மகள்.

"அங்க நாற்காலி சிவப்பு. இங்க கறுப்பு. அது ஆறடி, இது ஒரு சாண். இதுல 'உண்மை நகல்'னு நான் சீல் வச்சா என்ன ஆகும்? ரிடையர் ஆக இன்னும் பதினாலு மாசம் இருக்கு எனக்கு."

"சரி, பெரிசா, கலர்லயே எடுத்துட்டு வரோம்" என்றாள் அம்மா.

"ஐயய்யோ! கலர்ல எடுத்தா அச்சு அசலா இருக்கும். அதுக்குப் பேரு போலி. சுற்றறிக்கையே இருக்கு."

அம்மா இடுப்பில் கை வைத்தாள். "அசல் மாதிரி இருந்தா போலி. இல்லாட்டி பொய். நடுவுல என்னதான் சார் இருக்கு?"

"நடுவுல நான் இருக்கேம்மா" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

கல்நெஞ்சக்காரர் அல்ல. சிறிது யோசித்துவிட்டு அவரே வழியும் சொன்னார். "நகலை ஒண்ணும் பண்ண முடியாது, மெஷின் அப்படி. அசலை மாத்தலாமே? உங்க பொண்ணுதானே வரையறா. நகல் மாதிரியே ஒரு அசல் வரையச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் மகள் சொன்னாள். "வாம்மா வீட்டுக்குப் போலாம். லாரி ஆபீஸே தேவலை."

"வாயை மூடு. நாலு வருஷமா உங்க பெரியப்பா வாயை நான் அடைச்சு வச்சிருக்கேன். பென்சில் இருக்கா?"

கேன்டீன் மேஜையில் உட்கார்ந்து, ஜெராக்ஸைப் பார்த்து அசல் தயாராயிற்று. அம்மா பென்சில் சீவிக் கொடுத்தாள். நாற்காலி வந்ததும் மகளின் கை நின்றது.

"இதுக்கு என்னம்மா போடறது?"

"சாம்பல் நிறம்."

"எந்தச் சாம்பல்? நூறு இருக்கு."

"மணி நாலரை. அந்தச் சாம்பல் போடு."

போட்டாள். வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஜெராக்ஸையே எதுக்குங்க ஜெராக்ஸ் எடுக்கறீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை. ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது பிரிவு அலுவலர் மூன்று தாளையும் ஒப்பிட்டு, முகம் மலர்ந்து, நகல்கள் இரண்டிலும் உருண்டையான ஊதா முத்திரை குத்தினார். ஒன்றில் நேராக விழுந்தது. மற்றொன்றில் கொஞ்சம் சாய்ந்து, நாற்காலி மேலேயே விழுந்தது. ஆறடி ஓவியம் விதியில் எந்தப் பிரிவிலும் வராததால், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் சாத்தி வைக்கப்பட்டது.

மறுநாள் காலை வெளித் தேர்வாளர் வந்தார். பெரிய விமர்சகர். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, தலையில் இல்லாத முடியெல்லாம் தாடியில். டிரம்முக்குப் பின்னாலிருந்த ஆறடி ஓவியத்தின் பக்கம் ஒரு பார்வை போனது. "ரொம்பப் பேசுது" என்று சொல்லிவிட்டு நடந்தார். பென்சில் தாளின் முன் நின்றார்.

"நிறம் துறக்கப்பட்டிருக்கிறது. அளவின் ஆணவம் துறக்கப்பட்டிருக்கிறது. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது."

சாய்ந்த முத்திரை விழுந்த நகலை எடுத்தார்.

"ஆகா! இந்த ஊதா வட்டம்! அதிகாரம் நேரா வந்து சாமானியனோட நாற்காலியில உட்காருது பாருங்க!"

"சார், அது ஆபீஸ் சீல்" என்றாள் மகள்.

"தெரியும்மா. எல்லாமே சீல்தான்."

"இல்ல சார், அது நகல். இதுதான் நான் வரைஞ்சது."

"அசல்ங்கறதே பழைய கருத்தும்மா."

பிரிவு அலுவலர் தொண்டையைக் கனைத்தார். "தவிரவும், அசல்ல எந்தச் சான்றும் இல்லீங்க. உண்மைன்னு எழுதியிருக்கறது நகல்லதான்."

கலையும் நிர்வாகமும் முதல் முறையாக ஒத்துப்போனதால் முடிவு உடனே பதிவாயிற்று: சாய்ந்த நகலுக்கு முதலிடம், நேரான நகலுக்கு, சம்பிரதாயத்துக்கு அடிபணிந்ததால், இரண்டாமிடம், அசல் கழிக்கப்பட்டது.

திங்கட்கிழமை பிரிவு அலுவலரின் மேஜை முன்னால் மூன்றாமாண்டு மாணவர்கள் வெள்ளைத் தாளோடு வரிசையில் நின்றார்கள். "சார், எனக்குக் கொஞ்சம் இடது பக்கமா." அவரும் ஒரு கண்ணைச் சுருக்கி, கையைத் தூரத்தில் நீட்டி, தாளை அளந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்.

அன்று மாலை அம்மா முதல் பரிசுத் தாளைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டாள். சித்தி கைதட்டினாள். அத்தை இரண்டு முறை கைதட்டினாள். பெரியப்பா நீளமாக எழுதினார்: "படம் எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த ஊதா வட்டம் பிரமாதம். இப்படி ஒரு வட்டம் போடுகிற பெண்ணை லாரி ஆபீஸில் உட்கார வைப்பது பாவம். வேறு ஆள் போட்டுவிட்டேன்."

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மகள், "அம்மா, அது சீல்னு சொல்லிடும்மா" என்றாள்.

அம்மா போனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு நிதானமாக, எழுத்துப் பிழையில்லாமல் எழுதினாள்:

"நன்றிங்க. சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு வட்டம் நல்லா வரும்."