பூனம் சேலையில் ஒரு புலனாய்வு

புருஷனைச் சந்தேகப்படுகிறவள் என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாது. எனக்கு இருந்தது தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான். (இதை என் மகளே நம்புவதில்லை.)

என் வீட்டுக்காரர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ராத்திரி கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் படுங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன், காதில் வாங்கியதில்லை. திடீரென்று ஒருநாள் தானாக எழுந்துபோய் மூடினார். என்ன அதிசயம் என்று கேட்டால், "முருகலட்சுமி சொல்லுச்சு" என்றார். கம்பெனிக்குப் புதிதாக வந்த பாதுகாப்பு சூப்பர்வைசராம். அடுத்த மாதம் புகையிலை போடுவது நின்றது. அதுவும் முருகலட்சுமிதான்.

வயிறு எரிந்தது. ஆனால் அந்த எரிச்சலைவிடப் பெரிதாக ஒரு கேள்வி குடைந்தது. இந்த மனுஷனை ஒருத்தி எப்படித்தான் சொன்ன பேச்சுக் கேட்க வைக்கிறாள்?

நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, அவருடைய சாப்பாட்டுத் தூக்கை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அவரும் மறந்து போய்விட்டார். மத்தியானம் பளபளவென்று பூனம் சேலை, சலங்கை வைத்த கொலுசு, அரை டப்பா பவுடர் சகிதம் தூக்கோடு மினிபஸ் ஏறினேன்.

கேட்டிலேயே வாட்ச்மேன் மறித்தார். "பூனம் சேலையோட உள்ள விட முடியாதும்மா. பாலியஸ்டர் துணி உரசுனா பொறி வந்துரும். தூக்கைக் குடுத்துட்டுப் போங்க."

பட்டாசு ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கு அழகு முந்திக்கொண்டது. என் கையால்தான் கொடுப்பேன் என்று நான் மல்லுக்கு நிற்க, உள்ளேயிருந்து ஒருத்தி வந்தாள். நான் பயந்த அளவுக்கு அழகாகவே இருந்தாள்.

"போர்மேன் அண்ணே வீட்டு மதினியா? வாங்க மதினி. சாப்பிட்டீகளா?"

சிரித்துக்கொண்டே ஒரு பழைய காட்டன் சேலையை நீட்டினாள். முழுக்கப் பட்டாசு மருந்துக் கறை. கட்டிக்கொண்டேன். "கொலுசு, செருப்பு, போனு எல்லாம் இங்கன வச்சிருங்க மதினி." வைத்தேன். "தலைக்கும் துணி கட்டிக்கோங்க." கட்டினேன். எப்படிக் கேட்க வைக்கிறாள் என்று பார்க்கப் போனவள், மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் வாசலில் வாய் விட்டேன். "எங்க வீட்டுல நீ சொன்னா எல்லாத்தையும் கேக்குறாகளாமே?"

"எங்க மதினி? தெனமும் சண்டைதான். சீசன் வந்துட்டா ரூமுக்கு ஒரு ஆளைக் கூடுதலா உக்கார வைக்கணும்பாக. நான் எல்லாரையும் வெளிய அனுப்பி, ரூமைப் பூட்டிட்டு வாசல்லயே உக்காந்துக்கிடுவேன். அம்புட்டுப் பேரும் முழுசா வீட்டுக்குப் போகணும்ல?"

அந்த அம்புட்டுப் பேரில் என் வீட்டுக்காரரும் ஒருவர். வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு அதட்டல். "ஏம்மா, வேலை நேரத்துல என்ன பேச்சு? எந்த ரூம் நீ?"

திரும்பினேன். என் வீட்டுக்காரரேதான். என் கையில் அவர் தூக்கு. மனுஷன் முழித்த முழியைப் பார்த்து முருகலட்சுமி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதை அவர் நடித்தே காட்டுகிறார். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் முருகலட்சுமிக்குப் போன் போட்டு, நீயாவது சொல்லு என்றேன். சொல்லியிருக்கிறாள். இந்த ஒன்றை மட்டும் அவர் கேட்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.