நசரேயன் என்று சொன்ன தீர்க்கதரிசி யார்?

மரியாதைக்குரிய அத்தானுக்கு, மைத்துனன் எழுதுவது. அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

இன்று காலை நிலவரப்படி, எங்கள் சபையின் வினாடி வினாக் கேடயம் யாருக்கும் தரப்படவில்லை. உறுதி செய்தவர் ஆலய எழுத்தர். கேடயம் அவர் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய நடுவர் நான். சமமாக நிற்கும் இரண்டு அணிகளில் ஒன்றின் தலைவி என் மனைவி.

கடைசிக் கேள்வி, இயேசு நசரேயன் எனப்படுவார் என்று முன்னறிவித்த தீர்க்கதரிசி யார் என்பது. போதகர் தந்த விடைத்தாளில் ஏசாயா. எதிரணியும் ஏசாயா என்றது. என் மனைவி எழுந்து, "அப்படி யாருமே சொல்லல" என்றாள். வினாத்தாள் முன்கூட்டியே என் கைக்கு வந்திருந்தது. நிருபராக இருந்த பழக்கம், ஆதாரம் பார்க்காமல் எதையும் விடமாட்டேன். ஏசாயா, எரேமியா, சகரியா என்று எல்லாரையும் துருவிவிட்டேன், அந்த வரி எங்கும் இல்லை. தீர்க்கதரிசிகள் சொன்னது நிறைவேறியது என்று சுவிசேஷத்தில் மத்தேயுதான் எழுதுகிறார், யார், எங்கே என்று சொல்லாமல். சரி, பழைய ஏற்பாடு முதலில் யூதர்களின் வேதம்தானே, மூல நூலுக்குச் சொந்தக்காரரையே கேட்போம் என்று மாடியில் குடியிருக்கும் யூத மருந்துக்கடைக்காரரிடம் போனேன். "எங்க புத்தகத்துல இல்லாத வரிக்கு என்கிட்டயே பக்கம் கேக்கறீங்களே சார்" என்று சிரித்தார். அப்புறம் அவரே, "இயேசு விஷயத்துல நடந்ததை முதல்ல நம்பினவங்க, அதுக்கப்புறம் பழைய ஏட்டைப் பிரிச்சிருக்காங்க. அவங்களும் யூதர்கள்தானே, வேற எங்க போய்த் தேடுவாங்க? எல்லாப் பக்கத்துலயும் அவரே இருக்கற மாதிரி தெரிஞ்சிருக்கும்" என்றார். செய்தி முதலில், ஆதாரம் பிறகு என்றால் எங்கள் பத்திரிகை ஆசிரியர் வேலையை விட்டே துரத்தியிருப்பார். இங்கே என்னடான்னா இத்தனை நூற்றாண்டா ஜனங்க கண்ணீரோட வாசிக்கறாங்க. எனக்குத் தலை சுத்துது அத்தான். போதகரிடம் சொன்னால், "அப்ப மத்தேயு பொய் சொன்னார்னு பிரசங்கம் பண்ணவா?" என்கிறார். பொய்னு நான் எங்கே சொன்னேன். மனைவிக்கு மதிப்பெண் கொடுத்தால் வீட்டுச் சலுகை என்பார்கள். கொடுக்காவிட்டால் ஆதாரத்துக்குத் துரோகம், சாப்பாடும் சந்தேகம். ஒன்று மட்டும் சத்தியம்: வினாத்தாளைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. அவளாகவே கண்டுபிடித்த விடை அது. வேதாகமக் கல்லூரியில் பாடம் நடத்துகிற நீங்கள் அவளுக்காக ஒரு வரி எழுதினால் போதகர் கேட்பார்.

அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். கர்த்தர் எனக்குத் தராத தெளிவை உங்களுக்குத் தருவாராக.

பி.கு.: உறையை ஒட்டுமுன் மனைவியிடம், விடை எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? ஒரு வாரமா தீர்க்கதரிசிங்க புத்தகத்தையே புரட்டிக்கிட்டு, ஆதாரம் கிடைக்காத மூஞ்சியோட சுத்தினீங்க. கேள்வியைப் படிச்சப்பவும் அதே மூஞ்சி" என்றாள். ஆகவே மேலே கேட்ட சிபாரிசு வேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முடிவை அறிவிக்க வேண்டும்; வினாத்தாளைக் கசியவிட்டது நடுவரின் முகம் என்று போதகரிடம் எப்படிச் சொல்வது, அதை மட்டும் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.