பட்டதாரி இல்லத்தில் ஒரு விருந்தாளி

"எனக்குத் தெரியாது" என்ற வாக்கியத்தை நான் இருபத்தாறு வயது வரை சொன்னதே இல்லை. அதைச் சொல்லாமல் இருந்ததற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாற்பது பேர் முன்னிலையில், மொத்தமாகத் தண்டனை கிடைத்தது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அம்மா தேக்காவில் ஒரு கடையில் ரவிக்கை தைக்கிறார். மலர் அக்காவுக்குச் சிராங்கூன் சாலை நகைக்கடையில் வேலை. நான் வாங்கியது புவியியல் பட்டம். ஆறு ஏன் வளைந்து ஓடுகிறது என்று கேட்டால் சொல்வேன். ஆனால் எங்கள் வீட்டில் பட்டம் என்றால் பட்டம்தான். டிவி ரிமோட், சலவை மெஷின், அப்பாவின் முழங்கால் வலி, எல்லாவற்றுக்கும் "தேன்மொழியக் கேளு". நானும் ஒரு நாளாவது "அது என் பாடம் இல்லை" என்று சொன்னேனா? மோவாயைத் தடவிக்கொண்டு, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பேன். (முழங்காலுக்கும் அதையேதான் சொன்னேன்.)

இந்த லட்சணத்தில் வீட்டுக்கு வைஃபை போடும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. விழவில்லை, நானே குனிந்து வாங்கிக்கொண்டேன்.

புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி வீடுகளில் இருப்பதுபோல எங்கள் வீட்டிலும் ஒரு குண்டு காப்பறை உண்டு. தடித்த சுவர், இரும்புக் கதவு. போர் வந்தால் ஒளிந்துகொள்வதற்காக அரசாங்கம் கட்டிக் கொடுத்தது. போர் வராததால் அதில் அரிசி மூட்டை, பழைய மின்விசிறி, பிரிண்டர் மூன்றும் ஒளிந்திருக்கின்றன. குண்டையே தடுக்கும் சுவர் வைஃபையை விட்டுவிடுமா? அதனால் மூன்று வெள்ளைப் பெட்டிகள் வாங்கி, ஹாலில் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஒன்று, என் அறையில் ஒன்று, காப்பறையில் ஒன்று என்று வைத்தேன். ஒரு பெட்டி பிடித்ததை அடுத்த பெட்டிக்குக் கைமாற்றிவிடும். ஒவ்வொன்றின் முகத்திலும் சின்னதாக ஒரு விளக்கு. வெள்ளையாக எரிந்தால் சுகம், சிவப்பாக எரிந்தால் இணைப்பு இல்லை.

அத்தோடு நின்றிருக்கலாம். நான் வைஃபைக்குப் பெயர் வைத்தேன்: 'பட்டதாரி இல்லம்'. (பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா லிஃப்டில் என்னைப் பார்த்து, "உன் வைஃபையில அது என்ன எழுத்து, மந்திரமா?" என்று கேட்டிருக்கிறார்.) அதற்கு இருபத்துநாலு எழுத்தில் ஒரு பாஸ்வேர்ட். அது எனக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்காக 'பட்டதாரி இல்லம் விருந்தினர்' என்று இன்னொன்று திறந்துவிட்டேன். மற்றவர்கள் என்றால் அப்பா, அம்மா, அக்கா.

தீபாவளிக்கு வந்த மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தன் பேத்தியின் படத்தை எங்கள் பிரிண்டரில் எடுக்கப் பார்த்தார். அவருக்கு லிட்டில் இந்தியாவில் சின்ன அச்சுக்கடை இருக்கிறது. முப்பது வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்.

"என்ன தேனு, உன் பிரிண்டர் என்னைக் கண்டுக்கவே மாட்டேங்குது?"

"நீங்க விருந்தினர் வைஃபைல இருக்கீங்க மாமா. விருந்தாளி ஹால்ல உக்காரலாம், காப்பி குடிக்கலாம். சமையக்கட்டுக்குள்ள வரக்கூடாது. இன்டர்நெட் கிடைக்கும், பிரிண்டர் கிடைக்காது. அதான் செக்யூரிட்டி."

"அப்ப உங்கப்பாவும் விருந்தாளியா?"

"அப்பா வர்ற லிங்க்கையெல்லாம் அழுத்துவாரு மாமா."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா மச்சான், வங்கி மாதிரி பாதுகாப்பு லா!"

மாமா காப்பியைக் குடித்தார், ஹாலில் உட்கார்ந்து.

அடுத்த மாதம் அக்காவுக்கு நிச்சயம். எங்கள் வீட்டிலேயே, ஞாயிறு பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள். பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்கிவிடும். நிச்சயத்தில் லக்னப் பத்திரிகை வாசிக்க வேண்டும். இன்னார் மகளை இன்னார் மகனுக்கு இந்த நாளில் மணமுடிக்கிறோம் என்று எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் வைத்து, சபையில் உரக்கப் படித்தால்தான் நிச்சயம் நிச்சயமாகும். மாமா அடித்துத் தருவதாகச் சொன்னார். நான் விடுவேனா?

"எதுக்கு மாமா உங்களுக்குச் சிரமம்? நானே தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் டிசைன் பண்றேன். வீட்லயே பிரிண்டர் இருக்கு."

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா காத்தோங்கில் பெரிய பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "அவங்க முன்னால எதுவும் சொதப்பிடாத தேனு. அவங்க வீட்ல எல்லாரும் படிச்சவங்க. நான்தான் கம்மியாப் படிச்ச மருமக."

"நான் இருக்கேன்ல?" என்றேன். (அதுதான் பிரச்சினை என்று அப்போது இருவருக்கும் தெரியவில்லை.)

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு, இரண்டு நாள் முன்பு வந்திருந்த புது லேப்டாப்பைத் திறந்து, கம்பீரமாக அச்சடிக்கும் பொத்தானை அழுத்தினேன். 'பிரிண்டர் இணைப்பில் இல்லை.' மறுபடி அழுத்தினேன். இல்லை. பதினோரு முறை அழுத்தினேன். லிஃப்ட் பொத்தானை அழுத்துவதுபோல.

ஹாலுக்கு வந்து பெட்டியைப் பார்த்தேன். விளக்கு சிவப்பு. என் அறைக்கு ஓடினேன். சிவப்பு. காப்பறையில்? சிவப்பு. ஒரு பெட்டி போனால் கோளாறு. மூன்றும் ஒன்றாகப் போனால்? "இந்த வட்டாரத்துக்கே இணைப்பு போயிருச்சு" என்று அறிவித்தேன்.

சோபாவிலிருந்த அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "என் போன்ல நியூஸ் ஓடுதேம்மா."

"அது உங்க டேட்டால ஓடுதுப்பா."

"ஓ." பாவம், உடனே போனை அணைத்துவிட்டார். நான் சொன்னால் அவருக்கு அப்பீல் கிடையாது.

பிறகு நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மூன்று பெட்டிகளையும் பிடுங்கிச் செருகினேன். சிவப்பு. பத்து நிமிடம் காத்திருந்து செருகினேன். சிவப்பு. ஹால் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாமி புறப்பாடுபோல வீட்டைச் சுற்றி வந்தேன். வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்த மாமா வழிவிட்டு ஒதுங்கி நின்றார். கும்பிடவில்லை, அவ்வளவுதான் குறை.

"கடை சாவி கையில இருக்கு தேனு. டாக்சியில போயிட்டு வந்துரவா?"

"வேணாம் மாமா. அஞ்சு நிமிஷம்."

சேவை நிறுவனத்துக்குப் போன் போட்டேன். போனை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார்: "மேடம், மூன்றுமே சிவப்பா? ஆனால் உங்கள் வீட்டு இணைப்பு நன்றாக வேலை செய்வதாக எங்களுக்குத் தெரிகிறதே?"

"உங்களுக்கு அங்கிருந்து தெரியறது எனக்கு இங்கிருந்து தெரியாதா? நான் பட்டதாரி" என்றேன். புவியியல் என்பதைச் சொல்லவில்லை.

பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது தட்டுகளோடு வந்துவிட்டார்கள். அம்மா பன்னீர் தெளித்தார், அப்பா சந்தனம் கொடுத்தார், நான் பட்டுச்சேலையோடு சாப்பாட்டு மேசைக்கு அடியில் வயர் தேடிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்து, "இதுதான் தங்கச்சியா?" என்று கேட்டார். அக்கா அறைக் கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

பதினொன்றே கால். என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். காத்திருந்த பதினோரு பத்திரிகைகளையும் அச்சு வரிசையிலிருந்து நீக்கினேன். ஒரு சோதனைத் தாள் அனுப்பிப் பார்ப்போம் என்று புதுப் பக்கத்தைத் திறந்தேன். அதில் என்ன எழுதுவது? மனதில் இருந்ததைப் பெரிய எழுத்தில் எழுதினேன். அனுப்பினேன். ஒன்றும் வரவில்லை. அதை நீக்க மறந்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு அம்மா குங்குமத் தட்டோடு உள்ளே வந்தார். நான் கையில் பெட்டியை வைத்துக்கொண்டு கண் கலங்கி நின்றிருந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்.

"அய்யய்யோ, பொட்ட அழிச்சிட்டியே!"

"என்ன பொட்டு?"

என் கட்டைவிரலைப் பார்த்தேன். சிவப்பு. பெட்டியைப் பார்த்தேன். விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது.

"காலைல நல்ல காரியமாச்சேன்னு எல்லாத்துக்கும் வச்சேன். நிலைப்படி, அடுப்பு, ஃபிரிட்ஜ், இந்த மூணு பெட்டி. தண்ணியில குழைச்சி வச்சா உதிராது."

"விளக்கு மேலயாம்மா வைப்பீங்க?"

"அந்த மூஞ்சியில வேற எங்க வைக்கிறது? அதான நெத்தி?"

நெற்றிதான். இரண்டு மணி நேரமாக நான் குங்குமத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பிரிண்டர் இன்னும் அசையவில்லை. மணி பதினொன்று ஐம்பது. ஹாலில் பேச்சுச் சத்தம் குறைந்துவிட்டது. நாற்பது பேர் கடிகாரத்தைப் பார்க்கும்போது அப்படித்தான் இருக்கும். மாமா உள்ளே வந்து, என் தோளுக்கு மேலே லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

"தேனு, இது என்ன, 'பட்டதாரி இல்லம் விருந்தினர்'னு போட்டிருக்கு?"

நான் பார்த்தேன். ஆமாம். புது லேப்டாப் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். வீட்டிலிருந்த அக்கா அதைத் திறந்து, தனக்குத் தெரிந்த ஒரே வைஃபையில் சேர்த்திருக்கிறாள். வேறு எது தெரியும்? நான் சொன்னால்தானே!

மாமா சிரிக்கவே இல்லை. அதுதான் கொடுமை. "விருந்தாளி ஹால்ல உக்காரலாம், காப்பி குடிக்கலாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

இருபத்துநாலு எழுத்துப் பாஸ்வேர்டை அடித்தேன். தவறு. மறுபடி. தவறு. மூன்றாம் முறை 'பட்டதாரி இல்லம்' என்னை உள்ளே விட்டது. பத்திரிகையை அனுப்பினேன். காப்பறையிலிருந்து பிரிண்டர் கரகரவென்று இழுக்கும் சத்தம்! "வருதும்மா, எடுங்க!" என்று கத்தினேன்.

காப்பறை வாசலிலேயே நின்றிருந்த அம்மா முதல் தாளைப் பிடுங்கினார். படிக்க ஏது நேரம்? நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் வைத்து, மாமா கையில் கொடுத்துவிட்டார். முதலில் வரும் தாள் எது என்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. சேலை தடுக்க ஓடி வந்தேன். அதற்குள் மாமா எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, கல்யாணப் பத்திரிகைக் குரலில் தொடங்கிவிட்டார்:

"டேய் சனியனே! இப்பவாவது அடிக்கிறியா, இல்ல உன்னத் தூக்கிக் குப்பையில போடவா?"

மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

காப்பறையில் இரண்டாவது தாள், நிஜமான பத்திரிகை, நிதானமாக வெளியே வரும் சத்தம் ஹால் வரை கேட்டது. கதவிடுக்கில் அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். எல்லாரும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார்கள்.

நான் வாயைத் திறந்தேன். ரீஸ்டார்ட், செக்யூரிட்டி எதுவும் வரவில்லை. "அத்தை, அது பிரிண்டரத் திட்டினது. நான்தான் எழுதினேன். காலைலேருந்து அது ஏன் வேலை செய்யலன்னு எனக்குத் தெரியல. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"முப்பத்தஞ்சு வருஷம் ஸ்டாஃப் ரூம் பிரிண்டர நான் இதே பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன்" என்றார். "ஆனா மஞ்சள் தடவணும்னு எனக்குத் தோணல பாரு." பிறகு அறைக் கதவைப் பார்த்து, "மலரு, வெளிய வாம்மா. இந்த வீட்ல பொண்ணெடுத்தா நல்லாப் பொழுது போகும் லா" என்றார்.

பதினொன்று ஐம்பத்தேழுக்குச் சரியான தாள் வாசிக்கப்பட்டது. மாமா மூச்சு விடாமல் படித்தார். கண்ணாடி போடாததால் முதல் தாளைச் சரியாகப் பார்க்கவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார். கண்ணாடி இல்லாமல் 'சனியனே'வை மட்டும் எப்படி அவ்வளவு தெளிவாகப் படித்தார் என்று கேட்டால் காப்பி கேட்கிறார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே வைஃபைதான். அப்பாவும் அதில்தான் இருக்கிறார், வரும் லிங்க்கையெல்லாம் அழுத்துகிறார். காத்தோங்கில் அக்கா வீட்டுக்கு நான் போனால், மாமாவிடம் முழுக் கதையையும் கேட்டிருந்த அவள் மாமியார் கதவைத் திறந்து, "விருந்தாளி வந்தாச்சு, ஹால்ல உக்கார வை" என்கிறார். அக்கா காப்பியோடு வருகிறாள். சமையலறைப் பக்கம் கால் வைத்தால் இருவரும் சேர்ந்து "செக்யூரிட்டி!" என்று கத்துகிறார்கள்.

அந்த முதல் தாளைக் கிழித்துப் போட நான் எவ்வளவோ கெஞ்சினேன். மஞ்சள் பட்ட தாளைக் குப்பையில் போடக்கூடாது என்று அம்மா மறுத்துவிட்டார். அது இன்னும் சாமி அலமாரியில், விபூதிக் கிண்ணத்துக்குப் பின்னால் நிற்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதற்கும் ஒரு பொட்டு வைக்கிறார். பிரிண்டர் அதன்பிறகு ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. ஏன் என்று அம்மா கேட்டால், எனக்குத் தெரியாது என்கிறேன்.