பூசணிக்காயின் கால்பங்கு

“நைனா, ஒரு பூசணிக்காயோட எடை ஆறு கிலோவும், அது எடையிலேயே கால்பங்கும். அப்படீன்னா காய் எத்தனை கிலோ?”

ஏழாம் வகுப்புப் படிக்கும் காந்தா இப்படிக் கேட்டபோது நமச்சிவாயம் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

“ஏழரை” என்றார்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில், பலம் என்ற பழைய எடை போய்க் கிராம் வந்த காலத்திலிருந்து தராசு பிடிப்பவர் அவர். அவரிடம் எடையைப் பற்றிச் சந்தேகம் கேட்பது, ஏகாம்பரநாதரிடமே கோயிலுக்கு வழி கேட்பது மாதிரி. இதை ஊரில் யாரும் சொன்னதில்லை, அவரேதான் சொல்லிக்கொள்வார். போன வாரம்கூட, சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த உமாபதி தன் முதல் சேலையைக் கொண்டுவந்தபோது அதில் முப்பத்தேழரை கிராம் பட்டு குறைவதைக் கண்டுபிடித்தார். “பட்டு றெக்க கட்டிப் பறந்துடுச்சா உமாபதி?” என்று நாலு பேர் சிரிக்கக் கேட்டார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் உமாபதியின் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் அந்த வீட்டுத் தறிக்குப் பாவு நூல் கிடையாது. திருடன் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

“எப்படி நைனா ஏழரை?”

“ஆறுல கால்பங்கு ஒன்றரை. ஆறும் ஒன்றரையும் ஏழரை. சாப்பிட விடு.”

“ஆறுல கால்பங்கு இல்ல நைனா, காய்ல கால்பங்கு.”

இரண்டும் ஒன்றுதான் என்று அதட்டி, மகளின் நோட்டை வாங்கித் தம் கையாலேயே ஏழரை என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டார். அவர் கையெழுத்துப் போட்ட எடையை இதுவரை யாரும் மறுத்ததில்லை.

மறுநாள் மேரி டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்து அனுப்பினார். கையெழுத்தையும் சேர்த்து.

வேறொருவர் என்றால் அதோடு விட்டிருப்பார். நமச்சிவாயம் அரைநாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். மேரி டீச்சர் சண்டைக்கு வரவில்லை. பலகையில் ‘க’ என்று எழுதினார்.

“எடை தெரியாத காய்க்கு ‘க’ன்னு பேர் வைப்போம் சார். அதுல கால்பங்கை எடுத்துட்டா மிச்சம் முக்கால் பங்கு. அந்த முக்கால் பங்குதான் ஆறு கிலோ. அப்போ ஒரு கால்பங்கு?”

“ரெண்டு” என்றன நாற்பது குரல்கள்.

“முழுக் காய்?”

“எட்டு.” நாற்பதில் ஒன்று காந்தாவின் குரல்.

அந்த இடத்திலாவது அவர் வாயை மூடியிருக்கலாம். “பரீட்சைக்கு எட்டு சரி டீச்சரம்மா. தொழிலுக்கு ஏழரைதான்” என்று ஆரம்பித்தார். சேலையில் அறுநூறு கிராம் பட்டு நிற்க வேண்டும். சாயத்துக்கு முன்னால் கொதிக்க வைத்தால் பட்டிலுள்ள இயற்கைப் பசை கரைந்து அதன் எடையில் கால்பங்கு போய்விடும். ஆகவே அறுநூறில் கால்பங்கான நூற்றைம்பதைக் கூட்டி எழுநூற்றைம்பது கிராம் நெசவாளிக்குக் கொடுத்து வருகிறேன், பத்து வருஷமாக, என்று விளக்கினார்.

டீச்சர் சாக்பீஸை அவர் பக்கம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

சைக்கிளில் பாதி வழி வந்தபோதுதான் கணக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. கரைவது அறுநூறில் கால்பங்கு இல்லை, கொடுத்ததில் கால்பங்கு. எழுநூற்றைம்பதில் கால்பங்கு போனால் நிற்பது ஐந்நூற்று அறுபத்திரண்டரை. முப்பத்தேழரை கிராம் குறையும். யார் நெய்தாலும் குறையும். எண்ணூறு கொடுத்திருக்க வேண்டும்.

இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். அப்படியானால் மற்றவர்கள் சேலை மட்டும் பத்து வருஷமாக எப்படிச் சரியாக வந்தது? சரியான எடைக்காகச் சங்கத்தில் பரிசே வாங்கிய முருகேசன் வீட்டுக்குப் போய்க் கேட்டார்.

முருகேசன் சிரித்தார். “பாவுக்கு அரிசிக் கஞ்சி போடுறோம் இல்லண்ணே? உங்க தராசு கேக்குற வரைக்கும் போடுவோம். தெருவே அப்படித்தான் பண்ணிக்கினு இருக்குது. பாவம், அந்த உமாபதி புதுசு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சிக்கினு இருந்தோம்.”

ஆக, பத்து வருஷமாக அந்தச் சங்கத்துச் சேலை உடுத்தித் தாலி கட்டிக்கொண்ட பெண்கள் அத்தனை பேரும், ஆளுக்கு முப்பத்தேழரை கிராம் சோற்றைச் சுற்றிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கஞ்சி போடாத ஒரே மனிதருக்குத் திருடன் என்று பெயர்.

உண்மையை ஒத்துக்கொள்வதைத் தவிர மற்ற எல்லா வழிகளையும் நமச்சிவாயம் யோசித்தார். கடைசியில் சங்க அலமாரியிலிருந்து உமாபதியின் சேலையை எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார். லேசாகக் கஞ்சி தெளித்துக் காயவைத்துக் கொடுத்தால் கூட்டத்துக்கு முன்னால் மறுபடி எடை போட்டுவிடலாம் என்று பரிவோடு சொன்னார்.

உமாபதி தறியிலிருந்து எழுந்து நின்று கேட்டார். கோபிக்கவில்லை.

“கஞ்சி நாங்க குடிக்கிறதுண்ணே. இந்தச் சேலையை யாராவது ஒரு புண்ணியவதி அம்மனுக்குச் சாத்தினாலும் சாத்துவா. அந்த அம்மனுக்குப் போய்ச் சோத்தை எடை போட்டுக் கொடுக்கச் சொல்றீங்களே.”

அவர் மனைவி வடிவாம்பாள் மோர் கொடுத்தாள். நமச்சிவாயம் அதை வாங்கிக் குடித்துவிட்டு, சேலையோடு சங்கத்துக்குத் திரும்பினார்.

அங்கே அலமாரி திறந்து கிடந்தது. சேலையைக் காணோம் என்று கூட்டம் கூடி, அந்த உமாபதிதான் வந்து தூக்கிப் போயிருப்பான் என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. போலீசுக்கு எழுதத் தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

“எழுதாதீங்க” என்றார் நமச்சிவாயம். “சேலை என் கக்கத்துல இருக்குது. தப்பும் என்னுதுதான்.”

பிறகு பூசணிக்காயிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். தலைவருக்குக் கணக்குப் புரிய அரை மணி ஆயிற்று. புரிந்ததும் சரியான கேள்வியைக் கேட்டார். “அப்போ மத்தவங்களுக்கு ஏன் குறையலை?”

முருகேசன் தெருவில் முப்பது வீடு. கஞ்சியைச் சொன்னால் அத்தனை வீட்டுக்கும் திருட்டுப் பெயர். நமச்சிவாயம் ஒரு நிமிஷம் யோசித்து, “அது அவங்க கைராசி” என்றார். வாழ்க்கையில் அவர் தெரிந்தே போட்ட முதல் தப்புக் கணக்கு அது. சுவாமி மன்னித்திருப்பார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், சங்கத்தில் ஆள் வருமுன் தனியாகப் போய்க் கதவைத் திறந்தார். பேரேட்டில் உமாபதி பெயருக்கு எதிரே, ‘குறைவு நெய்தவருடையது அல்ல, நிறுத்துக் கொடுத்தவருடையது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். உமாபதியின் அடுத்த சேலைக்கு எண்ணூறு கிராம் பட்டை நிறுத்துக் கட்டி, அந்த மூட்டையை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டார். பார்க்க யாரும் இல்லை.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் மேரி டீச்சரை நிறுத்தி, ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று கும்பிட்டார்.

“என்னை ஏன் சார் கும்பிடறீங்க? எனக்குப் பட்டைப் பத்தி என்ன தெரியும்? உமாபதின்னு ஒருத்தர் வந்து, ‘இந்தக் கணக்கை நமச்சிவாயம் அண்ணன் பொண்ணுகிட்ட வீட்டுப்பாடமா கொடுத்தனுப்புங்கம்மா, பட்டுன்னு போடாதீங்க, பூசணிக்காய்னு போடுங்க, நாலு பேர் எதிர்ல அவருக்குத் தலைகுனிவு வந்துடக் கூடாது’ன்னு கேட்டுக்கிட்டாரு.”