ஒரே பானையில் இரண்டு பூதம்

பூதத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை வரைந்ததில்லை. வரைந்தவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. பிறகு அந்தக் கோரைப்பல்லும் உருட்டுக்கண்ணும் எங்கிருந்து வருகின்றன என்றால், வரைகிறவனின் வயிற்றுக்குள்ளிருந்துதான். இது எனக்குப் படித்துத் தெரிந்ததல்ல. (படித்தது நாலாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் எருமை மேய்த்தேன்.) பட்டுத் தெரிந்தது.

ராசிபுரம் பக்கம் நான் வீடு கட்டிக்கொண்டிருந்த சமயம். தலைப்பிரசவத்துக்குத் திருச்செங்கோடு போன என் மனைவி, பிள்ளை தவழத் தொடங்கியும் திரும்பவில்லை. "ஒழுகற கூரைக்குக் கீழ எம் பேத்திய அனுப்ப மாட்டேன். புது ஊடு முடியட்டும், நானே வந்து பாக்கறேன். மனசுக்குப் புடிச்சா அனுப்பறேன்" என்று மாமனார் சொல்லிவிட்டார். பெற்ற மகளை நான் ஆசை தீரத் தூக்கியதுகூட இல்லை.

அவர் வருகிற நாளும் வந்தது. புது வீட்டில் கண்ணேறு படாமலிருக்கச் சாரத்தில் திருஷ்டி பொம்மை கட்ட வேண்டும். வைக்கோல் உடம்பு, தலைக்கு ஒரு பானை. முகத்தை நானே எழுதுகிறேன் என்று கொத்தனாரிடமிருந்து பானையை வீம்பாக வாங்கிக்கொண்டேன். பானைக்குச் சுண்ணாம்பு பூசி, முனியப்பனைக் கும்பிட்டு, எதைக் கண்டால் குலை நடுங்கும் என்று யோசித்தேன். கரித்துண்டோடு கை தானாகப் போனது. மேலே ஏறிய ஒற்றைப் புருவம். ஒரு பக்கம் முறுக்கி, மறு பக்கம் தொங்கும் மீசை. வெற்றிலைச் சிவப்பில் உதடு. மோவாயில் மரு.

பொம்மையைக் கட்டி ஏற்றியதும், மண் சுமந்துகொண்டிருந்த ராமாயி சட்டியை இறக்கிவைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"ஏஞ்சாமி, உங்க மாமனார எதுக்குங்க தூக்குல போட்டிருக்கீங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கட்டிய பொம்மையைக் குடிபுகும் முன் இறக்கினால் குடும்பத்துக்கு ஆகாது. ஏணியில் ஏறித் திருத்தினேன். கொம்பு வைத்தேன்; கோபமாக இருக்கும் மாமனார். பல் வைத்தேன்; இன்னும் கோபமாக இருக்கும் மாமனார். நாக்கைத் தொங்கவிட்டேன்; சாற்றில் உப்புக் குறைந்த அன்றைய மாமனார்.

"போதுமுங்க" என்றார் கொத்தனார். "இன்னொரு கோடு போட்டா பேச ஆரம்பிச்சிருவாருங்க!"

தெருமுனையில் வண்டிமாட்டுச் சலங்கை கேட்டது.

மாமனார் இறங்கினார். வீட்டைப் பார்க்கவில்லை. பொம்மையைத்தான் பார்த்தார்.

"யாரு எழுதுனதுங்க மாப்ள?"

"நா... நானுங்க மாமா."

"பயமா இருக்கோணும்னு எழுதுனீங்களா?"

"ஆமாங்க." (பொய் சொல்லவும் கொஞ்சம் தைரியம் வேண்டுமே.)

அவருடைய புருவம் ஏறியது. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு புருவமும் என்னையே பார்த்தன. மகள் இந்த வீட்டில் தவழப்போவதில்லை என்று முடிவே கட்டிவிட்டேன்.

"அந்தக் கரித்துண்டக் குடுங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். பானையின் பின்பக்கம் என்னவோ எழுதினார். பொம்மையைத் திருப்பிவிட்டு இறங்கினார். விரிந்த காது, கொக்குக் கழுத்து, திருதிரு முழி. நானேதான்.

"எம்புள்ளைய உங்க கையில புடிச்சுக் குடுத்ததுல இருந்து இந்த மூஞ்சிதானுங்க என்னியத் தூங்க உடறதில்ல. சோறு போடுவானா, அழ வெப்பானான்னு. பயம் உங்களுக்கு மட்டும்னு நெனச்சீங்களா சாமி?"

(ஓருடம்பில் ஆண் பாதி, பெண் பாதியான சாமியைத் திருச்செங்கோட்டு மலையில் கும்பிட்டிருக்கிறேன். ஒரே பானையில் இரண்டு பூதம் அன்றுதான் கண்டேன்.) அவர் உள்ளே போய் கதவு நிலவுகாலைத் தட்டிப்பார்த்தார், கூரை ஓடுகளை அண்ணாந்து பார்த்தார். "வெள்ளிக்கெழம கூட்டியாரேன்" என்று மட்டும் சொன்னார்.

குடிபுகும்வரை பானை காற்றில் திரும்பிக்கொண்டே இருந்தது. ஒரு நேரம் அவர் தெருவை மிரட்டுவார், ஒரு நேரம் நான். இன்றும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், "இன்னிக்கு காத்து எந்தப் பக்கமுங்க?" என்பாள் மனைவி.

அன்று தவழ்ந்த பெண்ணுக்குப் போன தையில் கல்யாணம் முடிந்தது. மருமகன் பள்ளிபாளையத்தில் வீடு கட்டுகிறார். இன்று பார்க்கப் போகிறேன். ராத்திரியெல்லாம் கண்ணை மூடவில்லை. காலையில் துண்டை எடுத்து உதறினால், முனையில் மனைவி ஏதோ முடிந்து வைத்திருக்கிறாள்.

அவிழ்த்துப் பார்த்தேன். கரித்துண்டு.